லென்ஸ் புரொஃபைல் ஏறவில்லையா? முதலில் கோப்பைப் படியுங்கள்

படத்தொகுப்பு மென்பொருளில் லென்ஸ் திருத்தப் பகுதியைத் திறந்து டிக் செய்கிறீர்கள். பொருந்தும் புரொஃபைல் கிடைக்கவில்லை என்று ஒரு வரி வருகிறது. அல்லது உங்களிடம் இல்லாத ஏதோ ஒரு லென்ஸின் பெயர் வந்து நிற்கிறது. அல்லது எல்லாம் சரியாக ஏறியதாகக் காட்டிவிட்டு, நேராக இருந்த சுவரை உள்நோக்கி வளைத்துவிடுகிறது. புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் ஸ்லைடர்களை இழுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை.

நீங்கள் எந்த லென்ஸில் எடுத்தீர்கள் என்பதைப் படத்தைப் பார்த்து மென்பொருள் தெரிந்துகொள்வதில்லை. ஷட்டரை அழுத்திய நொடியில் கேமரா கோப்புக்குள் எழுதிவைத்த சில வரிகளைப் படிக்கிறது. தன் பட்டியலில் அதே அடையாளத்தைத் தேடுகிறது. கிடைத்தால் அதற்குரிய எண்களைக் கொண்டு படத்தை மாற்றுகிறது. ஆகவே வரக்கூடிய கோளாறுகள் இரண்டு வகை: லென்ஸை அடையாளம் காண்பதில் வந்த தவறு, அல்லது அடையாளம் சரியாக இருந்தும் திருத்தம் பிசகியது. அடிக்கடி நடப்பது முதலாவது. எந்த வகை என்று தெரியாமல் கைவைத்தால் ஒரு தவறின்மேல் இன்னொரு தவறை ஏற்றுவதாகத்தான் முடியும்.

புரொஃபைல் எதைச் சரிசெய்யும், எதைச் செய்யாது

லென்ஸ் புரொஃபைல் என்பது ஒரு குறிப்பிட்ட லென்ஸை அளந்து எழுதிய எண்களின் தொகுப்பு. அதில் மூன்று குறைகளுக்கு மருந்து இருக்கும். முதலாவது கோட்டு வளைவு: நேர்கோடுகள் பீப்பாய்போல வெளியே புடைப்பது, அல்லது உள்ளே ஒடுங்குவது, அல்லது மீசைபோல நடுவில் ஒரு பக்கமும் ஓரத்தில் மறுபக்கமும் வளைவது. இரண்டாவது மூலை இருட்டு. மூன்றாவது, படத்தின் ஓரங்களில் பொருள்களின் விளிம்பில் சிவப்பும் பச்சையும் அல்லது நீலமும் மஞ்சளுமாகத் தெரியும் நிறப் பிறழ்வு.

கட்டடத்தைக் கீழிருந்து அண்ணாந்து எடுத்தால் அதன் பக்கச் சுவர்கள் மேலே போகப் போக நெருங்கும். அந்தக் கோடுகள் சாய்ந்திருக்கின்றனவே தவிர வளையவில்லை. அது கேமராவை மேல்நோக்கிச் சாய்த்துப் பிடித்ததால் வந்த விளைவு. அதற்கு வேறு கருவி உண்டு. அகலக் கோண லென்ஸில் குழுப் படம் எடுத்தால் ஓரத்தில் நிற்பவரின் முகம் இழுபட்டுத் தெரிவதும் லென்ஸின் குறை அன்று. நேர்கோட்டை நேராகவே வைத்திருக்க வேண்டும் என்றால் ஓரங்கள் இழுபட்டுத்தான் ஆக வேண்டும். பீப்பாய் வளைவுள்ள லென்ஸில் புரொஃபைலைப் போட்டால் அந்த முகம் இன்னும் சற்று அகலமாகும். ‘புரொஃபைல் போட்டும் சரியாகவில்லை’ என்ற புகார்களில் கணிசமானவை இந்த இரண்டில் அடங்கிவிடுகின்றன.

அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து எடுத்த படங்களில், பிரகாசமான பின்னணிக்கு எதிரே இருக்கும் கிளைகளைச் சுற்றி ஊதா நிறம் படரும். அது படத்தின் நடுவிலும் தெரிந்தால் புரொஃபைலை நம்ப வேண்டாம். புரொஃபைல் சரிசெய்வது ஓரத்துக்குப் போகப் போக அதிகரிக்கும் நிறப் பிறழ்வை மட்டுமே. நடுவில் தெரியும் ஊதாவுக்கு டிஃப்ரிஞ்ச் என்ற தனிக் கருவி உண்டு. அடுத்த முறை அப்பர்ச்சரை ஒன்றிரண்டு ஸ்டாப் குறைத்து எடுப்பது அதைவிட நல்லது.

அடோபியின் லைட்ரூம், கேமரா ரா என்ற மென்பொருள்களைப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு ஆறுதல். அவற்றில் ‘ரிமூவ் குரோமாட்டிக் அபெரேஷன்’ என்ற டிக், புரொஃபைலைச் சார்ந்து இயங்குவதில்லை. படத்தையே ஆராய்ந்து வேலை செய்கிறது. லென்ஸே அடையாளம் தெரியாத கோப்பிலும் அதைப் போடலாம்.

முதல் படி: கோப்பில் என்ன எழுதியிருக்கிறது

படத்துடன் சேர்ந்து பயணிக்கும் தகவல் தொகுதியின் பெயர் எக்ஸிஃப். கேமராவின் பெயர், குவியத்தூரம், அப்பர்ச்சர், ஷட்டர் வேகம் எல்லாம் அதில் இருக்கும். லென்ஸின் பெயருக்கென்று பொதுவான ஓர் இடம் அதில் வந்தது 2010இல், எக்ஸிஃபின் 2.3ஆம் பதிப்பில்தான். அதற்கு முன்பு ஒவ்வொரு கேமரா நிறுவனமும் ‘மேக்கர் நோட்’ என்ற தன் சொந்தப் பகுதியில் தனக்குப் பிடித்த முறையில் லென்ஸை எண்களாகக் குறித்துவந்தது. இன்றும் குறிக்கிறது. அதனால் ஒரே கோப்பில் லென்ஸைப் பற்றி இரண்டு மூன்று இடங்களில் தகவல் இருக்கலாம். அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகாமலும் இருக்கலாம். ஒரு மென்பொருள் லென்ஸைச் சரியாகக் காட்ட, இன்னொன்று தவறாகக் காட்டுவதற்கு இதுவே காரணம். இரண்டும் வெவ்வேறு இடத்தைப் படிக்கின்றன.

தொகுப்பு மென்பொருளின் தகவல் பலகையில் லென்ஸ் பெயர் தெரியும். ஆனால் அது ஏற்கெனவே மென்பொருள் ஊகித்த பெயராக இருக்கக்கூடும். கோப்பில் உள்ளதை உள்ளபடி பார்க்க எக்ஸிஃப்டூல் என்ற இலவசக் கருவி இருக்கிறது; ஃபில் ஹார்வி எழுதியது. கட்டளை வரியில் இயங்குவது என்பதால் பயப்பட வேண்டாம், அதற்குச் சன்னல் வடிவ முகப்புகளும் கிடைக்கின்றன. மூலக் கோப்பை அதில் திறந்து நான்கு வரிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: லென்ஸ் மாடல், லென்ஸ் ஐடி, குவியத்தூரம், அப்பர்ச்சர். கூடவே கேமரா மாடலையும் எழுதிக்கொள்ளுங்கள். அதன் தேவை கீழே வரும்.

இங்கே நீங்கள் காணக்கூடியவை சில வகைதான். எல்லாம் சரியாக இருந்தால் குறை மென்பொருளின் பட்டியலில் இருக்கிறது. லென்ஸ் வரியே இல்லாமல், கேமரா, ஷட்டர் விவரங்கள் மட்டும் இருந்தால், சிப் இல்லாத லென்ஸ் அல்லது இடையில் ஓர் அடாப்டர். குவியத்தூரம் சுழியம் என்று இருந்தால் அதுவும் அதே கதை. எக்ஸிஃபே காலியாக இருந்தால், படம் உங்களிடம் வரும் வழியில் யாரோ அதைக் கழித்துவிட்டார்கள். செய்திச் செயலிகள் வழியாகப் படமாக அனுப்பினால் இது நடக்கும். ஏற்றுமதி செய்யும்போது ‘காப்புரிமைத் தகவல் மட்டும்’ என்ற தேர்வு விழுந்திருந்தாலும் நடக்கும். அந்தக் கோப்போடு மல்லுக்கட்டாமல் மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள்.

ராவா, ஜேபெக்கா

ரா என்பது சென்சார் பதிந்ததைப் பதப்படுத்தாமல் வைத்திருக்கும் கோப்பு; ஜேபெக் என்பது கேமராவே பதப்படுத்தி முடித்த படம். உங்களிடம் இருப்பது எது என்று தெரிந்தால் பாதித் துன்பம் தீரும். அடோபியின் புரொஃபைல்கள் எல்சிபி என்ற கோப்புகளாக இருக்கின்றன. ஒவ்வொன்றும் ரா படங்களை வைத்து அளந்ததா, ஜேபெக் படங்களை வைத்து அளந்ததா என்பது அதற்குள்ளேயே குறிக்கப்பட்டிருக்கும். ராவுக்கான புரொஃபைல் ஜேபெக் திறந்திருக்கும்போது பட்டியலிலேயே வராது. ஒரே கேமரா, ஒரே லென்ஸ், ஒரே நொடி; ரா கோப்பில் புரொஃபைல் தானாக ஏறுகிறது, பக்கத்திலிருக்கும் ஜேபெக்கில் இல்லை என்கிறது. மென்பொருள் கெட்டுவிட்டதாக நினைத்து அழித்து மீண்டும் நிறுவுபவர்கள் பலர். அது கெடவில்லை, வேண்டுமென்றே மறைக்கிறது.

மறைப்பதில் நியாயம் உண்டு. இன்றைய கேமராக்கள் ஜேபெக்கை எழுதும்போதே வளைவையும் மூலை இருட்டையும் சரிசெய்துவிடுகின்றன, அந்த வசதி மெனுவில் இயக்கத்தில் இருந்தால். சரிசெய்த படத்தை மறுபடி சரிசெய்தால் வெளியே புடைத்த கோடு உள்ளே குழியும், இருண்ட மூலை வெளுத்துப்போகும். தொடக்கத்தில் சொன்ன உள்நோக்கி வளைந்த சுவர் பெரும்பாலும் இப்படி உருவானதுதான். ஆகவே ஜேபெக்கில் புரொஃபைல் தேடுவதற்கு முன் அதற்குத் தேவை இருக்கிறதா என்று பாருங்கள். ஓரத்தில் ஒரு நேர்கோடு இருக்கும் படத்தை எடுத்து, அதன்மேல் மென்பொருளின் கட்டக் கோடுகளை வைத்துப் பார்த்தால் போதும். கோடு நேராக இருந்தால் விட்டுவிடுங்கள்.

கேமராவில் திருத்தம் அணைக்கப்பட்டிருந்து, ஜேபெக் உண்மையிலேயே வளைந்திருந்தால் ஒரு குறுக்கு வழி உண்டு. எல்சிபி என்பது எழுத்துக் கோப்புதான். அதைப் பிரதி எடுத்து, சாதாரண எழுத்துத் திருத்தியில் திறந்து, ‘கேமரா ரா புரொஃபைல்’ என்ற குறிப்புக்கு எதிரே ‘ட்ரூ’ என்று இருப்பதையெல்லாம் ‘ஃபால்ஸ்’ என்று மாற்றி, வேறு பெயரில் சேமித்தால் அது ஜேபெக்குக்கும் பட்டியலில் வரும். வளைவு நன்றாகவே திருந்தும். மூலை இருட்டு மட்டும் ஒத்துவராது. ராவில் ஒளி அளவுகள் பதிவாகும் முறையும் ஜேபெக்கில் பதிவாகும் முறையும் வேறு. அந்த ஸ்லைடரைச் சுழியத்துக்குக் கொண்டுபோய், இருட்டைக் கையால் சரிசெய்யுங்கள்.

‘ஏற்கெனவே பொருத்தப்பட்டது’ என்ற செய்தி

மிரர்லெஸ் கேமராக்களில் பலவற்றுக்கு லென்ஸ் புரொஃபைல் பட்டியல் காலியாக இருக்கும். கீழே ‘பில்ட்-இன் லென்ஸ் புரொஃபைல் அப்ளைட்’ என்று சின்ன எழுத்தில் ஒரு வரி. இது கோளாறு அன்று. 2008இல் அறிமுகமான மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் முறையிலிருந்தே, திருத்த எண்களைக் கேமராவே ரா கோப்புக்குள் எழுதிவைக்கும் பழக்கம் பரவிவிட்டது. அடோபியின் பொது ரா வடிவமான டிஎன்ஜியின் 2009இல் வந்த 1.3 பதிப்பு, அத்தகைய திருத்தக் கட்டளைகளை டிஎன்ஜி கோப்புக்குள் வைக்க இடம் கொடுத்தது. மென்பொருள் அவற்றைப் படித்துத் தானாகவே பொருத்திவிடுகிறது. லைட்ரூமில் இவற்றில் பலவற்றை அணைக்கவே முடியாது.

அணைக்க விடாததற்குக் காரணம், லென்ஸ் வடிவமைப்பே மாறிவிட்டது. சிறியதாக, எடை குறைவாகச் செய்ய வேண்டும் என்பதற்காக, வளைவை மென்பொருள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். கேனனின் ஆர்எஃப் 24-240 லென்ஸை 24 மி.மீ.யில் வைத்து எடுத்த ராவை, திருத்தம் இல்லாமல் திறந்து பாருங்கள். மூலைகள் கருப்பாகவே இருக்கும். டார்க்டேபிள் போன்ற இலவச ரா மென்பொருளுக்கு மாறியவர்கள் ‘என் லென்ஸ் கெட்டுவிட்டதா’ என்று பதறுவது இத்தகைய படங்களைப் பார்த்துத்தான். டார்க்டேபிளின் லென்ஸ் திருத்தப் பகுதியில் திருத்த முறை என்ற தேர்வு இருக்கிறது. அங்கே கோப்புக்குள் பதிந்த தகவலைத் தேர்ந்தெடுத்தால், கேமரா எழுதிய எண்களையே பயன்படுத்தும். அந்தத் தேர்வு தெரியவில்லை என்றால், உங்கள் பதிப்பு பழையது அல்லது அந்தக் கேமராவின் கோப்பில் அத்தகைய தகவலை மென்பொருளால் படிக்க முடியவில்லை.

பெயர் பொருந்தாமல் போகும் இடங்கள்

இனி, ரா கோப்பு, லென்ஸ் வரியும் இருக்கிறது, ஆனால் புரொஃபைல் ஏறவில்லை என்ற நிலை. முதலில் மென்பொருளைப் புதுப்பியுங்கள். சலிப்பூட்டும் அறிவுரைதான், ஆனால் லென்ஸ் சந்தைக்கு வந்ததற்கும் அதன் புரொஃபைல் மென்பொருளில் சேர்வதற்கும் இடையே மாதங்கள் ஆகலாம். லைட்ரூமும் கேமரா ராவும் புதிய புரொஃபைல்களைப் பதிப்போடுதான் தருகின்றன. டிஎக்ஸ்ஓ ஃபோட்டோலேப் மாதிரி சில, ஒவ்வொரு கேமரா-லென்ஸ் இணைக்கும் தனி மாட்யூலை இணையத்திலிருந்து இறக்குகின்றன. இணைய இணைப்பு இல்லாத கணினியில் அது வராது.

அதன் பிறகும் இல்லையென்றால், கையால் தேர்ந்தெடுங்கள். லைட்ரூமில் தயாரிப்பாளர், மாடல், புரொஃபைல் என்று மூன்று பெட்டிகள். தயாரிப்பாளர் பெட்டியில் லென்ஸ் நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும், கேமரா நிறுவனத்தை அல்ல. நிக்கான் கேமராவில் சிக்மா லென்ஸ் மாட்டியவர் நிக்கான் பட்டியலில் தேடிக் களைத்துப்போவது வழக்கமான காட்சி. தேர்ந்தெடுத்து, சரியாக இருக்கிறது என்று உறுதியானால், மேலே ‘செட்அப்’ பெட்டியில் ‘சேவ் நியூ லென்ஸ் புரொஃபைல் டிஃபால்ட்ஸ்’ என்பதை அழுத்துங்கள். அடுத்த முறை அதே அடையாளம் வந்தால் தானாக ஏறும்.

தவறான லென்ஸ் பெயர் வருவதுதான் சுவாரசியமான நோய். லென்ஸ் எண்களை ஒதுக்கியது கேமரா நிறுவனங்கள். வெளி நிறுவனங்கள் தங்கள் லென்ஸைக் கேமரா ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காக, அந்த நிறுவனத்தின் ஏதோ ஒரு லென்ஸின் எண்ணையே பயன்படுத்தியதுண்டு. அதனால் கேனன் மேக்கர் நோட்டில் ஒரே எண்ணுக்குப் பின்னால் கேனன், சிக்மா, டாம்ரான், டோக்கினா என்று ஒரு கூட்டமே நிற்கும். எக்ஸிஃப்டூல் போன்ற கருவிகள் குவியத்தூர எல்லையையும் அதிகபட்ச அப்பர்ச்சரையும் ஒப்பிட்டு ஆளைக் கண்டுபிடிக்கப் பார்க்கின்றன. இரண்டு லென்ஸுக்கு அவையும் ஒன்றாக இருந்தால் ஊகம்தான் மிச்சம். கேனன் ஆர்எஃப் மவுண்டில் (மவுண்ட் என்பது லென்ஸைக் கேமராவில் மாட்டும் இணைப்பு முறை) நிலைமை இன்னும் வேடிக்கை: பழைய இடத்தில் 61182 என்ற ஒரே எண்ணை எழுதிவிட்டு, எந்த ஆர்எஃப் லென்ஸ் என்பதை வேறோர் இடத்தில் எழுதுகிறது கேமரா. பழைய இடத்தை மட்டும் படிக்கத் தெரிந்த மென்பொருளுக்கு எல்லா ஆர்எஃப் லென்ஸும் ஒரே லென்ஸ்தான். சோனியில் 65535 என்ற எண்ணைக் கண்டால் அதற்கு ‘இ மவுண்ட் லென்ஸ், அல்லது வேறு ஏதோ, அல்லது லென்ஸே இல்லை’ என்று பொருள். அந்த எண்ணை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது.

டார்க்டேபிள், டிஜிகாம் போன்ற பல திறமூல மென்பொருள்கள் எண்ணைப் பெயராக மாற்றும் வேலையை எக்ஸிவ்2 என்ற நூலகத்திடம் ஒப்படைத்திருக்கின்றன. தவறான பெயர் இங்கேயே பிறந்திருந்தால், எக்ஸிவ்2வின் தனிப்பட்ட அமைப்புக் கோப்பு ஒன்றை உங்கள் பயனர் கோப்புறையில் உருவாக்கி, சதுர அடைப்புக்குள் கேமரா நிறுவனத்தின் பெயர், அதன் கீழே எண், சமக்குறி, சரியான லென்ஸ் பெயர் என்று ஒரு வரி எழுதினால் போதும். இந்த மென்பொருள்கள் திருத்த எண்களைத் தேடும் லென்ஸ்ஃபன் என்ற தரவுத்தளத்தின் பட்டியலில் எப்படி எழுதியிருக்கிறதோ அப்படியே பெயரை எழுத வேண்டும். எந்தப் படக் கோப்பையும் தொட வேண்டியதில்லை என்பதால் எனக்கு இந்த வழி மிகவும் பிடிக்கும்.

லென்ஸ்ஃபன் பயன்படுத்துபவர்களுக்கு

டார்க்டேபிளுக்கும் ராதெரபிக்கும் பின்னால் இருப்பது லென்ஸ்ஃபன் என்ற பொதுத் தரவுத்தளம். தன்னார்வலர்கள் அளந்து அனுப்பிய எண்கள். மென்பொருள் புதியதாக இருந்தாலும் தரவுத்தளம் பழையதாக இருக்கலாம். அதைத் தனியாகப் புதுப்பிக்க லென்ஸ்ஃபனுடன் ஒரு கட்டளை வருகிறது, அதை இயக்கிவிட்டு மென்பொருளை மூடித் திறங்கள்.

கேமரா மாடலைக் குறித்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா, காரணம் இங்கே இருக்கிறது. லென்ஸ்ஃபனுக்கு லென்ஸ் மட்டும் தெரிந்தால் போதாது. மவுண்டும் சென்சார் அளவும் தெரிய வேண்டும், அவை கேமராவின் பெயரிலிருந்து வருகின்றன. புத்தம் புதிய கேமராவில் பத்தாண்டுப் பழைய லென்ஸை மாட்டி எடுத்தால், லென்ஸ் பட்டியலில் இருந்தும் திருத்தம் வராது. அப்போது அதே மவுண்ட், அதே சென்சார் அளவுள்ள முந்தைய மாடலைக் கேமராவாகத் தேர்ந்தெடுங்கள். வளைவைப் பொறுத்தவரை வித்தியாசம் இருக்காது.

சென்சார் அளவில் இன்னொரு விதி. ஃபுல் ஃப்ரேம் கேமராவில் அளந்த எண்களை ஏபிஎஸ்-சி கேமராவில் பயன்படுத்தலாம். சிறிய சென்சார் பார்ப்பது பெரிய வட்டத்தின் நடுப்பகுதியை மட்டுமே. திருப்பிப் போட முடியாது. சிறிய சென்சாரில் அளந்தவருக்கு மூலைகள் எப்படி வளைகின்றன என்றே தெரியாது.

மூன்று திருத்தங்களும் எல்லா லென்ஸுக்கும் இருப்பதில்லை. ஒருவர் வளைவை மட்டும் அளந்து அனுப்பியிருப்பார். அதனால் லென்ஸ் பெயர் சரியாக வந்தும் மூலை இருட்டு அப்படியே இருந்தால், தவறு உங்களுடையது அல்ல. அந்த எண்கள் பட்டியலில் இல்லை.

சிப் இல்லாத லென்ஸ்கள்

பழைய மேனுவல் லென்ஸ்கள், மலிவான புதிய மேனுவல் லென்ஸ்கள், எல்லாம் கேமராவிடம் ஒன்றும் பேசாது. எடுப்பதற்கு முன்பே சரிசெய்ய முடிந்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. நிக்கானின் பல மாடல்களில் ‘நான்-சிபியு லென்ஸ் டேட்டா’ என்ற மெனு இருக்கிறது. குவியத்தூரத்தையும் அதிகபட்ச அப்பர்ச்சரையும் பதிந்துவைக்கலாம். வேறு சில கேமராக்கள் உடல் நிலைப்படுத்தலுக்காகக் குவியத்தூரத்தைக் கேட்கும். லென்ஸை மாற்றும்போது மெனுவையும் மாற்ற மறந்தால் தவறான எண் பதியும், அது எண்ணே இல்லாததைவிட மோசம்.

எடுத்த பிறகு என்றால் எக்ஸிஃப்டூலால் எழுதலாம். லென்ஸ் மாடல், குவியத்தூரம், அப்பர்ச்சர் மூன்றையும் எழுதுங்கள்; குவியத்தூரம் இல்லாமல் லென்ஸ் பெயர் மட்டும் இருந்தால் சில மென்பொருள் புரொஃபைலைத் தொடாது. கருவி தானாகவே பழைய கோப்பின் ஒரு பிரதியை வைத்துக்கொள்ளும், இருந்தாலும் ஒரே ஒரு படத்தில் சோதித்துப் பார்த்த பிறகே கோப்புறை முழுவதிலும் இயக்குங்கள். லைட்ரூமில் அந்தப் படங்கள் ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருந்தால், ‘ரீட் மெட்டாடேட்டா ஃப்ரம் ஃபைல்’ சொன்னால்தான் மாற்றம் தெரியும். எச்சரிக்கை: கோப்பிலோ துணைக்கோப்பிலோ பழைய திருத்த அமைப்புகள் இருந்தால், கேட்டலாகில், அதாவது லைட்ரூமின் தரவுத்தளத்தில், நீங்கள் செய்த புதிய திருத்தங்களின்மேல் அவை வந்து உட்கார்ந்துவிடும். முதலில் மெட்டாடேட்டாவைக் கோப்பில் சேமித்துவிட்டு, பிறகு எக்ஸிஃப்டூலை இயக்கி, பிறகு படிக்கச் சொல்லுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் தானாக ஏறவில்லை என்றால் வியக்க வேண்டாம். லென்ஸ் ஐடி இருக்கும் மேக்கர் நோட்டை இல்லாத இடத்தில் புதிதாக உருவாக்க முடியாது. ஐடியை மட்டும் நம்பும் மென்பொருள் அசையாது. கையால் ஒருமுறை தேர்ந்தெடுத்து, பிரிசெட்டாக (மறுபடி பயன்படுத்தச் சேமித்த அமைப்புத் தொகுப்பாக) சேமித்து, அந்த லென்ஸில் எடுத்த படங்களுக்கு மட்டும் போடுங்கள்.

டெலிகன்வர்ட்டர் மாட்டியிருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். கேமராவுக்கு அது தெரிந்தால் குவியத்தூரம் பெருக்கப்பட்டு எழுதப்படும். புரொஃபைல் பட்டியலில் கன்வர்ட்டர் சேர்ந்த தனிப் பெயர் இருக்கிறதா என்று பார்த்து அதை எடுங்கள்.

புரொஃபைல் ஏறியும் படம் சரியில்லை என்றால்

அடையாளம் சரி, ஆனால் கோடுகள் வளைகின்றன. இரட்டைத் திருத்தத்தை முன்பே பார்த்துவிட்டோம். அதற்கு இன்னொரு வேடமும் உண்டு: ராவில் புரொஃபைல் போட்டு, டிஃப் (TIFF) படமாக ஏற்றுமதி செய்து, அந்த டிஃப்பை மறுபடி திறக்கும்போது வழக்கமான பிரிசெட் வந்து விழுகிறது. எக்ஸிஃபில் லென்ஸ் பெயர் அப்படியே இருப்பதால் புரொஃபைலும் ஏறிக்கொள்ளும்.

வெட்டிய படத்திலும் இதே சிக்கல். வளைவுக் கணக்கு படத்தின் நடுப்புள்ளியிலிருந்து தொடங்குகிறது. ரா மென்பொருளில் வெட்டினால் பரவாயில்லை, அது மூலப் படத்தின் நடுவை நினைவில் வைத்திருக்கும். வெட்டி ஏற்றுமதி செய்த கோப்பில் அந்த நடு தொலைந்துவிட்டது. அதில் புரொஃபைல் போட்டால் ஒரு பக்கம் திருந்தும், மறுபக்கம் கெடும். ஒட்டிச் சேர்த்த பனோரமாவில் புரொஃபைலுக்கு எந்தப் பொருளும் இல்லை. ஒட்டுவதற்கு முன் போட வேண்டியது.

எல்லாப் படங்களிலும் ஒரே தவறான லென்ஸ் பெயர் நிற்கிறது என்றால் சந்தேகத்தைப் பிரிசெட்டின்மேல் திருப்புங்கள். லைட்ரூமில் ‘செட்அப்’ பெட்டி ‘கஸ்டம்’ என்று இருந்தபோது பிரிசெட் சேமித்தாலோ அமைப்புகளைப் பிற படங்களுக்கு நகலெடுத்தாலோ, அந்த லென்ஸின் பெயரும் சேர்ந்து போகும். 85 மி.மீ. லென்ஸின் புரொஃபைல் 24 மி.மீ. படத்தில் உட்கார்ந்திருக்கும், மென்பொருள் ஒரு வார்த்தை சொல்லாது. பிரிசெட் செய்யும்போது அந்தப் பெட்டி ‘டிஃபால்ட்’ அல்லது ‘ஆட்டோ’வில் இருக்கட்டும், ஒவ்வொரு படத்துக்கும் அதனதன் லென்ஸை அது தேடிக்கொள்ளும்.

தவறு ஒன்றும் இல்லாமலும் சிறிது வளைவு மிஞ்சலாம். வளைவு, நீங்கள் ஃபோகஸ் செய்யும் தொலைவைப் பொறுத்தும் மாறுவது. அருகில் இருக்கும் பொருளை எடுக்கும்போது ஒரு அளவு, தொலைவில் வேறு அளவு. பல கேமராக்கள் அந்தத் தொலைவைச் சரியாக எழுதுவதில்லை, பல புரொஃபைல்களில் ஒரே தொலைவுக்கான அளவுதான் இருக்கிறது. ஓவியங்களையும் ஆவணங்களையும் நெருங்கி நின்று எடுப்பவர்கள் இதைக் கட்டாயம் எதிர்கொள்வார்கள். இதற்குத்தான் லைட்ரூமில் புரொஃபைலின் கீழே வளைவுக்கும் மூலை இருட்டுக்கும் சுழியத்திலிருந்து 200 வரை ஸ்லைடர் இருக்கிறது. 100 என்பது புரொஃபைல் சொன்ன அளவு. கடைசியில் செய்ய வேண்டிய வேலை என்று சொன்ன ஸ்லைடர் இழுப்பு இங்கே நியாயமாகிறது. மேலே ஏறி 115, கீழே இறங்கி 90 என்று பார்த்து, ஓரக் கோடு நேராகும் இடத்தில் நிறுத்துங்கள்.

மூலை இருட்டில், தடித்த ஃபில்டரோ பொருந்தாத ஹூடோ மறைத்த மூலை புரொஃபைலால் வெளுக்காது. அங்கே ஒளியே விழவில்லை, வெட்டுவதுதான் வழி. ஒளி குறைந்த மூலையைத் தூக்கும்போது இரைச்சலும் சேர்ந்து எழும் என்பதால், உயர் ஐஎஸ்ஓ இரவுப் படங்களில் மூலை இருட்டுத் திருத்தத்தை நான் பாதியாகக் குறைத்துவிடுவேன். உருவப்படங்களில் அதை முழுதாக அணைத்துவிடுவதே என் வழக்கம்.

சொந்தமாக ஒரு புரொஃபைல்

எங்கும் கிடைக்காத லென்ஸுக்கு நீங்களே அளக்கலாம். அடோபியின் லென்ஸ் புரொஃபைல் கிரியேட்டர் ஒரு சதுரங்கக் கட்ட அட்டையைப் படமெடுக்கச் சொல்லும். அட்டை தட்டையாகவும் ஒளி சீராகவும் இருக்க வேண்டும். அட்டை படத்தின் நடு, நான்கு ஓரம், நான்கு மூலை என 9 இடங்களில் வருமாறு, ஒரே குவியத்தூரத்திலும் ஒரே அப்பர்ச்சரிலும் எடுங்கள். ஜூம் லென்ஸ் என்றால் ஒவ்வொரு குவியத்தூரத்துக்கும் இதையே திரும்பச் செய்ய வேண்டும். இரு முனைகளும் நடுவில் இரண்டு மூன்றும் இருந்தால் இடைப்பட்டவற்றை மென்பொருள் கணக்கிட்டுக்கொள்ளும். உருவான எல்சிபி கோப்பை உங்கள் பயனர் கணக்கின் அடோபி கோப்புறையில், ‘கேமரா ரா’வுக்குள் இருக்கும் ‘லென்ஸ் புரொஃபைல்ஸ்’ என்ற இடத்தில் வையுங்கள். மென்பொருளை மூடித் திறந்தால்தான் தெரியும்.

லென்ஸ்ஃபனுக்கு அட்டை தேவையில்லை. வளைவுக்கு, நீளமான நேர்கோடுகள் உள்ள ஒரு கட்டடத்தைத் தள்ளி நின்று, ஒரு கோடு படத்தின் ஓரத்தை ஒட்டி ஓடுமாறு எடுத்தால் போதும். ஹகின் என்ற இலவச பனோரமா மென்பொருளில் அந்தக் கோட்டின்மேல் புள்ளிகள் வைத்து எண்களைப் பெறலாம். மூலை இருட்டுக்கு, லென்ஸின் முகத்தில் ஒளியைப் பரப்பும் வெள்ளைத் தகடு ஒன்றை ஒட்டிவைத்துச் சீரான வானத்தை நோக்கி, அப்பர்ச்சரை ஒவ்வொரு படியாக மாற்றி எடுக்க வேண்டும். நிறப் பிறழ்வுக்குக் கூர்மையான கருப்பு வெள்ளை விளிம்புகள் நிறைந்த ஏதாவது ஒரு காட்சி. மூன்றில் எது முடிகிறதோ அதை மட்டும் செய்தாலும் பயன்தான். வளைவை மட்டும் முதலில் முடித்து, வேறொரு நாளில் எடுத்த படத்தில் போட்டுச் சோதியுங்கள். அளக்க எடுத்த அதே படத்தில் போட்டுப் பார்த்தால் எந்த எண்ணும் சரியாகத்தான் தெரியும்.